28 பவுண்டில் வாழ்ந்த போதகர்: ஜோன் வெஸ்லி எழுதி வைத்த கொடைக் கணக்கு

மெதடிஸ்ட் என்ற சொல்லை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கேள்விப்படாத தமிழர்கள் குறைவு. கோலாலம்பூரில் மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளி, பினாங்கிலும் ஈப்போவிலும் அந்தச் சபையார் தொடங்கிய பள்ளிகள், பட்டணங்களில் தமிழ் மெதடிஸ்ட் ஆலயங்கள் என அந்தப் பெயர் நம்மோடு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. தோட்டத்திலிருந்து பஸ் ஏறிப் போய் அந்தப் பள்ளிகளில் படித்து முன்னுக்கு வந்த குடும்பங்களும் உண்டு. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் இங்கிலாந்துப் போதகர் ஜோன் வெஸ்லி. 1791ஆம் ஆண்டு மறைந்த அவர் நம் பக்கம் வந்ததே இல்லை.

சுவிசேஷ சபைகளுக்குப் போகிறவர்கள் மத்தியில் இன்றும் ஓயாத கேள்விகள் சில உண்டு. தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, கட்டாயமா? சேமநிதி பிடித்தத்திற்கு முன் உள்ள சம்பளத்தில் கணக்குப் பார்ப்பதா, கைக்கு வரும் சம்பளத்திலா? கொடுத்த காணிக்கை எங்கே போகிறது? கையில் ஒன்றும் இல்லாதவர் என்ன செய்வது? ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வெஸ்லிக்கும் இதே கேள்விகள் இருந்தன. அவர் தம் சொந்தச் செலவுக் கணக்கை எழுதி எழுதியே அவற்றுக்கு விடை தேடினார்.

கடன்பட்ட வீட்டுப் பிள்ளை

இங்கிலாந்தின் லிங்கன்ஷையர் மாவட்டத்தில் எப்வொர்த் என்ற ஊரில் 1703ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் தேதி ஜோன் வெஸ்லி பிறந்தார். தந்தை சாமுவேல் ஊர் ஆலயத்தின் குருவானவர். தாயார் சுசன்னா. இவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் 19 பேர். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் சிறு வயதிலேயே இறந்துவிட்டார்கள்.

அக்கால இங்கிலாந்தில் தசமபாகம் மனமுவந்து கொடுக்கும் காணிக்கையாக இல்லை. அது நாட்டுச் சட்டம். விளைச்சலில் பத்தில் ஒன்றைக் குடியானவர்கள் ஊர் ஆலயத்திற்குக் கட்டியே ஆக வேண்டும். குருவானவரின் வருமானமும் பெரும்பாலும் அதிலிருந்துதான் வந்தது. வற்புறுத்தி வாங்கும் பங்கு என்பதால் ஊருக்கும் குருவானவருக்கும் இடையே கசப்பு வளர்வது சகஜம்.

அந்த வருமானம் இருந்தும் சாமுவேல் வெஸ்லியின் வீட்டில் கடன் தீரவில்லை. 1705ஆம் ஆண்டு, 30 பவுண்டுக்கும் குறைவான ஒரு கடனுக்காக அவர் லிங்கன் கோட்டைச் சிறையில் மாதக்கணக்கில் அடைக்கப்பட்டார். அப்போது யார்க் பேராயர் சுசன்னாவைச் சந்தித்து, வீட்டில் எப்போதாவது உணவில்லாமல் இருந்ததுண்டா என்று விசாரித்தார். உணவு இல்லாமல் போனதில்லை, ஆனால் அதைத் தேடப் பட்ட பாட்டிலும் வாங்கிய கடனை அடைக்கப் பட்ட பாட்டிலும் சாப்பாட்டின் ருசியே போய்விட்டது என்ற பொருளில் அந்தத் தாய் பதில் சொன்னார். பேராயர் தாமே பணம் கொடுத்து உதவினார்.

1709இல் அந்த வீடும் தீப்பிடித்து எரிந்தது. மாடியில் சிக்கிக்கொண்ட ஐந்து வயது ஜோனை, ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நின்று ஜன்னல் வழியாக இறக்கிக் காப்பாற்றினார்கள். பணம் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்பதைச் சிறுவயதிலேயே பார்த்து வளர்ந்தவர் அவர்.

சுவரில் மாட்டிய படங்கள்

ஜோன் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார். 1725இல் திருப்பணிக்கு அபிஷேகம் பெற்றார். 1726இல் அங்குள்ள லிங்கன் கல்லூரியில் ஆசிரியப் பதவி கிடைத்தது. வாழ்க்கையில் முதல் முறையாகக் கையில் நிலையான காசு புழங்கியது. அவரும் தம்பி சார்ல்ஸும் சில நண்பர்களும் சேர்ந்து ஒரு குழுவாக ஜெபித்தார்கள், வேதம் வாசித்தார்கள், சிறைக் கைதிகளைப் போய்ப் பார்த்தார்கள், ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்கள். எல்லாவற்றையும் ஒழுங்குமுறையாகச் செய்ததால் மற்ற மாணவர்கள் அவர்களை மெதடிஸ்ட், அதாவது முறைக்காரர்கள், என்று கேலி செய்தார்கள். அந்தக் கேலிப் பெயரே பிற்காலத்தில் சபையின் பெயரானது.

அந்த நாட்களில் நடந்த ஒரு சம்பவத்தை வெஸ்லி முதுமை வரை மறக்கவில்லை. கடும் குளிர்கால நாள். அவர்கள் ஆதரித்த பள்ளியில் படித்த ஓர் ஏழைப் பெண் அவர் அறைக்கு வந்தாள். குளிரில் வெடவெடத்துக்கொண்டிருந்தாள். உடம்பில் இருந்தது மெல்லிய துணி அங்கி ஒன்றுதான். வேறு உடுப்பு இல்லையா என்று கேட்டபோது, இருப்பதே இது ஒன்றுதான் என்றாள். வெஸ்லி சட்டைப் பைக்குள் கைவிட்டார். அநேகமாக ஒன்றும் இல்லை. இருந்த பணத்தைச் சற்று முன்புதான் செலவழித்திருந்தார். அறைச் சுவரை அலங்கரித்த படங்கள் கண்ணில் பட்டன. அந்தப் பெண்ணைக் குளிரிலிருந்து காத்திருக்கக்கூடிய பணம் சுவரில் தொங்குகிறது என்ற எண்ணம் அவரைச் சுட்டது.

அதன்பின் அவர் கணக்கு எழுதுவது தீவிரமாயிற்று. ஆக்ஸ்ஃபோர்டு மெதடிஸ்ட் இளைஞர் ஒருவரின் கணக்கு என்று பெயர் சொல்லாமல் பிற்காலத்தில் ஒரு பிரசங்கத்தில் அவர் குறிப்பிட்டார். அந்த இளைஞர் அவரேதான் என்பது வரலாற்றாளர்களின் கருத்து. முதல் ஆண்டு வருமானம் 30 பவுண்ட். வாழ்க்கைச் செலவு 28 பவுண்ட். ஏழைகளுக்கு 2 பவுண்ட். இரண்டாம் ஆண்டு வருமானம் இரு மடங்காகி 60 பவுண்டானது. செலவு அதே 28. கொடுத்தது 32. மூன்றாம் ஆண்டு 90 பவுண்ட் வந்தபோது கொடுத்தது 62. நான்காம் ஆண்டு 120 வந்தபோது 92.

முதல் ஆண்டு அவர் கொடுத்தது வருமானத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நான்காம் ஆண்டு நான்கில் மூன்று பங்குக்கும் மேல். வருமானம் ஏறினாலும் வீட்டுச் செலவு ஏறவில்லை என்பதுதான் இந்தக் கணக்கின் உயிர். பத்தில் ஒன்று கொடுத்தாயிற்று, மீதி ஒன்பது பங்கும் என் இஷ்டம் என்று அவரால் நினைக்க முடியவில்லை. பத்துப் பங்கும் கடவுளுடையது, தான் அதன் கணக்குப்பிள்ளை மட்டுமே என்று நம்பினார்.

வாரம் ஒரு பென்னி

1735இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவுக்குப் போதகராகப் போனவர், தோல்வியோடும் மனச்சோர்வோடும் திரும்பி வந்தார். 1738ஆம் ஆண்டு மே 24ஆம் தேதி லண்டன் அல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தில் அவர் உள்ளத்தில் பெரிய மாற்றம் ஏற்பட்டது. அடுத்த ஆண்டு பிரிஸ்டல் நகரில் திறந்தவெளியில் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். ஆலய வாசலை மிதிக்காத நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கூடி நின்று கேட்டார்கள். அவர் சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் சுரங்கத் தொழிலாளர், நெசவாளர், வீட்டு வேலைக்காரர், சிறு வியாபாரிகள்.

பிரிஸ்டலில் அவர்களுக்கென்று ஒரு கூடம் கட்டினார்கள். கடன் ஏறியது. 1742ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி கடனை எப்படி அடைப்பது என்று பேசக் கூடினார்கள். ஃபோய் என்ற கப்பல் தலைவர் எழுந்து, ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார். அக்காலத்தில் 240 பென்னி சேர்ந்தால்தான் ஒரு பவுண்ட். ஆனாலும் பலர் அதைக்கூடக் கொடுக்க முடியாத ஏழைகள் என்று ஒருவர் மறுப்புச் சொன்னார். அப்படியானால் மிகவும் ஏழைகளான 11 பேரை என் பொறுப்பில் விடுங்கள், அவர்களால் முடிந்தால் வாங்கிக்கொள்கிறேன், முடியாவிட்டால் அவர்கள் பங்கையும் நானே போடுகிறேன் என்றார் கப்பல் தலைவர். மற்றவர்களும் ஆளுக்கு 11 பேரைப் பொறுப்பேற்றார்கள்.

காசு வாங்க வாரந்தோறும் வீடு வீடாகப் போனவர்கள் அங்கே பலதையும் பார்த்தார்கள். ஒரு வீட்டில் நோய், இன்னொரு வீட்டில் குடி, மற்றொரு வீட்டில் கணவன் மனைவி சண்டை. வந்து சொன்னபோது வெஸ்லிக்கு ஒன்று புரிந்தது. தேடிக்கொண்டிருந்த வழி கிடைத்துவிட்டது. பன்னிரண்டு பேர் கொண்ட அந்தச் சிறு குழுக்களே மெதடிஸ்ட் சபையின் முதுகெலும்பாயின. காசு வசூலிக்கப் போன இடத்தில் ஆளை விசாரிக்கும் வழக்கம் பிறந்தது. இல்லாதவர் வெட்கப்பட்டு ஒதுங்கிப் போக வேண்டியதில்லை, அவருக்காக இன்னொருவர் போடுவார் என்ற ஏற்பாடும் அதோடு பிறந்தது.

பணம் எங்கே போயிற்று?

வசூலைப் பற்றிச் சந்தேகப் பேச்சு அன்றும் இருந்தது. ஏழைகளின் காசில் வெஸ்லி பணக்காரராகிறார் என்று சிலர் பேசினார்கள். அவர் வசூலைத் தம் கையில் வைத்துக்கொள்ளவில்லை. கணக்குப் பார்க்கச் சபையில் பொறுப்பாளர்களை நியமித்தார். 1743இல் அச்சில் ஒரு சவாலும் விட்டார். கடன்களும் கல்லூரிச் சம்பளத்தின் சிறு பாக்கியும் போகத் தாம் சாகும்போது 10 பவுண்ட் விட்டுச் சென்றால், தம்மைத் திருடன் என்று உலகம் அழைக்கலாம் என்றார்.

1746இல் லண்டனில் 30 பவுண்ட் போலத் திரட்டி ஒரு கடன் நிதி தொடங்கினார். தொழிலுக்கு முதல் இல்லாத ஏழைகள் 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்ட் வரை வாங்கலாம். வாராவாரம் கட்டி மூன்று மாதத்தில் அடைக்க வேண்டும். வட்டிக்காரனிடம் சிக்கிய குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். முதல் ஆண்டிலேயே சுமார் 250 பேர் பயனடைந்தார்கள். பிற்காலத்தில் லேக்கிங்டன் என்ற செருப்புத் தொழிலாளி இந்த நிதியில் 5 பவுண்ட் கடன் வாங்கிப் புத்தகக் கடையைப் பெருக்கினார். அந்தக் கடை பின்னர் லண்டனின் மிகப் பெரிய புத்தகக் கடைகளில் ஒன்றானது.

அதே 1746இல் ஏழைகளுக்கு இலவச மருந்து கொடுக்கும் இடமும் தொடங்கினார். ஆதரவற்ற விதவைகளுக்கு ஒரு வீடு ஏற்படுத்தினார். லண்டனில் இருக்கும்போது அவரும் மற்ற போதகர்களும் அந்த விதவைகளோடு ஒரே மேசையில், ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள்.

தேயிலைக் கதையும் அந்த ஆண்டுதான். அக்காலத்தில் இங்கிலாந்தில் தேயிலை விலையேறிய சரக்கு. ஏழைகள்கூட அதற்குக் காசைக் கொட்டுவதைக் கண்ட வெஸ்லி, முதலில் தாம் தேநீரை நிறுத்தினார். காலங்காலமாகக் குடித்துப் பழகியவர் அல்லவா, முதல் மூன்று நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. பிறகு சரியானது. சபைத் தலைவர்களையும் நிறுத்தச் சொல்லி, மிச்சமான காசை ஏழைகளுக்குத் திருப்பினார். பன்னிரண்டு ஆண்டுகள் அவர் தேநீர் தொடவில்லை.

சம்பாதிப்பதை அவர் குறை சொல்லவில்லை. பணத்தைப் பற்றிய புகழ்பெற்ற பிரசங்கத்தில் மூன்று விதிகளை வைத்தார். நேர்மையாக முடிந்தவரை சம்பாதிக்க வேண்டும். வீண் செலவு இல்லாமல் முடிந்தவரை சேமிக்க வேண்டும். முடிந்தவரை கொடுக்க வேண்டும். உடம்பைக் கெடுத்தோ, மனசாட்சியைக் கெடுத்தோ, பக்கத்து வீட்டுக்காரனைக் கெடுத்தோ வரும் பணம் வேண்டாம் என்றார். சாராயம் விற்றுச் சேர்க்கும் சொத்தைக் கடுமையாகக் கண்டித்தார். சம்சு எத்தனை தோட்டத்துக் குடும்பங்களைக் குலைத்தது என்று அறிந்தவர்களுக்கு அந்தக் கோபம் புரியும்.

குடும்பத்தைப் பட்டினி போட்டுக் காணிக்கை கொடு என்றும் அவர் சொல்லவில்லை. கடனை அடைப்பது, வீட்டாருக்கு உணவும் உடையும் கொடுப்பது, தொழிலுக்கு வேண்டிய முதலை வைத்துக்கொள்வது, தன் காலத்திற்குப் பிறகு மனைவி மக்கள் அடிப்படைத் தேவைக்குத் தவிக்காதபடி ஏற்பாடு செய்வது ஆகியவை முதலில். அதற்குமேல் இருப்பது இல்லாதவர்களுக்கு உரியது. கடனாளியின் மகன் வகுத்த வரிசை அது.

நான்கு வெள்ளிக் கரண்டிகள்

அவர் எழுதிய மலிவுவிலைப் புத்தகங்கள் ஏராளமாக விற்றன. தாம் அறியாமலே பணக்காரராகிவிட்டதாக அவரே ஒருமுறை எழுதினார். புத்தக வருமானத்திலிருந்து வாழ்நாளில் அவர் கொடுத்தது 20,000 முதல் 30,000 பவுண்ட் வரை இருக்கும் என்று வரலாற்றாளர்கள் மதிப்பிடுகிறார்கள். 1751இல் மேரி வாசீல் என்ற வசதியான விதவையை மணந்தபோது, அவருடைய சொத்தைத் தாம் தொடாமல் அவருக்கும் பிள்ளைகளுக்குமே உரியதாக்கினார். ஊர் ஊராக அலைந்த போதகருக்கு இல்வாழ்க்கை மட்டும் சரியாக அமையவில்லை. கணவனும் மனைவியும் பிரிந்தே வாழ நேர்ந்தது.

1776இல் அரசாங்க வரி அதிகாரிகளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வெள்ளிப் பாத்திரங்களுக்கு வரி கட்ட வேண்டிய காலம் அது. இவ்வளவு பேர்பெற்ற மனிதர் வெள்ளியை மறைத்து வைத்திருப்பார் என்று நினைத்தார்கள். லண்டனில் இரண்டு வெள்ளிக் கரண்டியும் பிரிஸ்டலில் இரண்டும் இருப்பதாகவும், சுற்றிலும் இத்தனை பேர் உணவில்லாமல் இருக்கும்போது மேற்கொண்டு வாங்கப் போவதில்லை என்றும் வெஸ்லி பதில் எழுதினார்.

1785ஆம் ஆண்டு ஜனவரி. வெஸ்லிக்கு வயது 81. புத்தாண்டில் ஏழைகளுக்கு நிலக்கரியும் ரொட்டியும் கொடுப்பது லண்டன் சபையின் வழக்கம். அந்த ஆண்டு அவர்களுக்கு உடுப்பும் இல்லை என்பதைக் கண்டார். தாமே தெருவில் இறங்கி நடந்தார். உருகும் பனி கணுக்கால் வரை மூடியது. காலை முதல் மாலை வரை நாள்கணக்கில் வீடு வீடாகப் பிச்சை கேட்டு 200 பவுண்ட் சேர்த்தார். அதன்பின் கடுமையான வயிற்றுப்போக்கில் படுத்துவிட்டார்.

கடைசிக் கவலை

வெளியே பார்த்தால் அவர் வெற்றி பெற்றவர். பிரிட்டனில் மட்டும் சபையில் 70,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். ஆனால் முதிர்ந்த வயதில் அவரை வாட்டிய கவலை ஒன்று இருந்தது. குடியை விட்டு, ஒழுங்காக உழைத்து, சிக்கனமாக இருந்த ஏழைத் தொழிலாளர்கள் பத்திருபது ஆண்டுகளில் வசதிக்கு வந்துவிட்டார்கள். பெரிய வீடு, விலை உயர்ந்த உடை, வண்டி என்று செலவும் கூடவே ஏறியது. சம்பாதிக்கவும் சேமிக்கவும் அவர் சொன்னதைக் கேட்டவர்கள், கொடுக்கச் சொன்னதைக் கேட்கவில்லை.

அவர் கண்ட முடிச்சு இதுதான். உண்மையான பக்தி உழைப்பையும் சிக்கனத்தையும் கொண்டுவரும். அவை பணத்தைக் கொண்டுவரும். பணம் வந்தால் பெருமையும் ஆசையும் வரும். அதோடு பக்தி போய்விடும். பக்தியே பக்தியைக் கொல்லும் இந்தச் சுற்றிலிருந்து தப்ப, கொடுப்பதைத் தவிர வேறு வழி அவருக்குத் தெரியவில்லை. 1780களின் கடைசியிலும் 1790இலும் பிரசங்கத்திற்குப் பிரசங்கம் இதையே எச்சரித்தார். தாம் பேசியதால் பயனடைந்தவர்கள் மிகச் சிலரே என்று வேதனைப்பட்டார். சில்லறை இல்லாத காலத்தில் வாரம் ஒரு பென்னி கொடுத்தவர்களே, பை நிறைந்தபோது கையை இறுக்கிக்கொண்டார்கள் என்பது அவர் நெஞ்சில் முள்ளாக இருந்தது.

1790ஆம் ஆண்டு ஜூலையில் கை நடுங்கியது. இளமை முதல் எழுதிவந்த செலவுக் கணக்கை அன்றோடு நிறுத்தினார். முடிந்ததைச் சேமித்து முடிந்ததைக் கொடுக்கிறோம் என்ற மனநிறைவு போதும், இனிக் கணக்கு வேண்டாம் என்று தடுமாறும் எழுத்தில் குறித்து வைத்தார்.

1791ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் தேதி லண்டன் சிட்டி ரோடு வீட்டில் 87ஆம் வயதில் ஜோன் வெஸ்லி இறந்தார். சட்டைப் பையிலும் மேசை அறையிலும் இருக்கும் சில்லறையை நான்கு போதகர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். சவ வண்டி வேண்டாம், ஆறு ஏழைகள் சுமந்து போகட்டும், ஆளுக்கு 20 ஷில்லிங் கூலி கொடுங்கள் என்பதும் அந்த உயிலில் இருந்தது. கூட்டம் கூடிவிடும் என்பதால் மார்ச் 9ஆம் தேதி விடியுமுன் அடக்கம் செய்தார்கள். கடைசி ஊர்வலத்திலும் ஆறு ஏழை வீடுகளுக்கு ஆளுக்கு ஒரு பவுண்ட் போய்ச் சேர்ந்தது.

அவர் மறைந்து 94 ஆண்டுகளுக்குப் பின், 1885இல், பெங்களூரில் பிறந்த வில்லியம் ஓல்டம் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். அடுத்த ஆண்டு அங்கே ஒரு பள்ளி தொடங்கினார். 1891இல் பினாங்கு, 1895இல் ஈப்போ, 1897இல் கோலாலம்பூர் என்று பள்ளிகள் தொடர்ந்தன. அந்தப் பெஞ்சுகளில் நம் பிள்ளைகளும் உட்கார்ந்து படித்தார்கள். அன்று தோட்டத்து லயத்தில் வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று சொந்த வீடு, கார் என்று வசதியாக இருக்கிறார்கள். வெஸ்லியின் கவலை இன்னும் பழசாகவில்லை. பத்தில் ஒன்றா, அதற்கு மேலா என்று கேட்பவர்கள், சம்பளம் ஏறியபோது வீட்டுச் செலவு எவ்வளவு ஏறியது, கொடுக்கும் கை எவ்வளவு நீண்டது என்று பழைய கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால், விடை அங்கேயே இருக்கும்.